பெயரை மாற்றுவதா, பிளேயரை மாற்றுவதா?

ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த பாட்டெல்லாம் ஓடுகிறது. தமிழில் பெயர் வைத்த பாட்டுக்கு வந்தால் மட்டும் பிளேயர் சத்தமில்லாமல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. பட்டியலில் பாட்டின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "?????" என்று நிற்கிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டதென்று நினைத்து நான் இரண்டு முறை மறுபடி இறக்கியிருக்கிறேன். கோளாறு பாட்டில் இல்லை.

பழைய பிளேயர்கள் விண்டோஸிடம் கோப்பை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் பொது முறையான யூனிகோடில் கேட்பதில்லை. 'ஏஎன்எஸ்ஐ' என்ற பழைய எழுத்து அட்டவணை வழியாகக் கேட்கின்றன. ரஷ்ய எழுத்துக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253 என்று அட்டவணைகள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. விண்டோஸ் 2000-இல் தமிழ் நுழைந்ததே யூனிகோடாகத்தான். ஆகவே அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி வரவே கூடாது. இருக்கவே முடியாத ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு, 'கிடைக்கவில்லை' என்கிறது பிளேயர்!

இதற்கு மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலானவர்கள் முதலில் பிடிப்பது பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றும் வழியை. எம்பி3டேக் போன்ற மென்பொருள் இருந்தால் ஆயிரம் பாட்டையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். எந்தக் கருவியிலும் ஓடும். ஆனால் 'பல்லி'யும் 'பள்ளி'யும் ஆங்கில எழுத்தில் ஒன்றுதான். 'மனம்', 'மணம்' கதையும் அதுவே. ஒரே ஃபோல்டரில் இரண்டும் இருந்தால் ஒன்று மற்றதன் மேல் ஏறி உட்காரப் பார்க்கும். அப்புறம் தேடும்போது 'ழ'வுக்கு எந்த எழுத்தைப் போட்டோம் என்று நமக்கே நினைவிருக்காது.

இரண்டாவது, பிளேயரை மாற்றுவது. வி.எல்.சி.யோ ஃபூபார்2000-ஓ தமிழ்ப் பெயரைப் பார்த்து மிரள்வதில்லை. இரண்டும் இலவசம். வீட்டுக் கணினிக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாட்டுப் பட்டியலை எம்3யூ என்ற கோப்பு வகையில் சேமிக்காமல் எம்3யூ8 என்ற வகையில் சேமியுங்கள். அந்த 8, யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் எழுதப்பட்டது என்பதற்கான அடையாளம். இல்லாவிட்டால் பழைய கேள்விக்குறிகள் பட்டியல் வழியாகத் திரும்பி வரும். பட்டியலில் # என்று தொடங்கும் வரி பாட்டாகக் கருதப்படாது, குறிப்பாகத் தள்ளப்படும். '#1 பாட்டு' என்று பெயர் வைத்தவர்கள் பாவம்.

மூன்றாவது, விண்டோஸையே திருப்புவது. 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, வட்டார அமைப்புகளில் உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்தச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. போட்டால் அந்தப் பழைய பிளேயரே தமிழ்ப் பாட்டைத் திறக்க வாய்ப்புண்டு. ஆனால் 'பீட்டா', அதாவது இன்னும் சோதனையில் இருப்பது என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், சும்மா இல்லை. கணினி முழுவதற்கும் இது மாறுவதால், வேறு பழைய மென்பொருள் ஏதாவது உளறத் தொடங்கலாம். ஒரு பாட்டுக்காக இவ்வளவு தூரம் நான் போகமாட்டேன்.

மேக்கிலிருந்து வந்த பாட்டு என்றால் சிக்கல் வேறு. 'கொடி'யில் உள்ள 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒரே குறியாக 'ொ', அல்லது க-வோடு 'ெ', 'ா' என இரண்டு குறிகள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ்+ பிரித்துத்தான் வைக்கும். அப்படி வந்த கோப்பை லினக்ஸில் போட்டால், பட்டியலில் பெயர் இருக்கும், கோப்பும் இருக்கும், இரண்டும் பொருந்தாது. இங்கே பிளேயரை மாற்றிப் பயனில்லை; கான்வ்எம்வி என்ற சின்னக் கருவியால் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். லினக்ஸில் இன்னொரு தடையும் உண்டு: அதன் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். 'இளையராஜா' என்று எழுதவே 24 போய்விடும். படம், பாடகர், கவிஞர் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே திணிப்பவர்கள் இங்கே முட்டிக்கொள்வார்கள்.

சரி, காரில்? அங்கே பிளேயரை மாற்ற முடியாது, டிக் போடவும் இடமில்லை. அதனால் கணினியில் தமிழ்ப் பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, பென்டிரைவுக்குப் போகும் நகலுக்கு மட்டும் 001, 002 என்று எண் போடுகிறேன். தமிழ்ப் பெயர் கோப்புக்குள் பாட்டின் விவரங்களை வைத்திருக்கும் டேக்கில் இருக்கிறது. ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாததால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. பாட்டு ஓடுகிறது.