ட்வீட்டா, 'மதத்' தளமா?

வெளிநாட்டில் சிக்கிய இந்தியர் உதவி கேட்க 2015-இல் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜுக்கு ட்வீட் போடுவது. செவ்வாய் கிரகத்தில் மாட்டிக்கொண்டாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017-இல் வேடிக்கையாக எழுதியவர் அவர். வேகம் என்றால் அதுதான். ஆனால் பாஸ்போர்ட் எண்ணை ஊரறியப் போட முடியுமா? கூட்டத்தில் ட்வீட் காணாமல் போனால் யாரைக் கேட்பது?

இன்னொன்று, அமைச்சகம் அந்த ஆண்டு தொடங்கிய 'மதத்' தளம். இந்தியில் 'உதவி' என்று பொருள். பதிவு, படிவம் என்று கொஞ்சம் இழுக்கும். சரி, ஆனால் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். சம்பள பாக்கி மாதிரி நாள்பட்ட விஷயத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். உயிர் போகிற அவசரமென்றால் முதலில் ட்வீட், அப்புறம் தளத்திலும் ஒரு பதிவு.