நூர்ட்ஹூக் பீச் கண்காணிப்பு நடை: ஒரு வருஷம் போனதுக்கு அப்புறம் என் ரிவ்யூ

கேப் டவுனுக்குப் புதுசா வர்ற நம்ம ஆளுங்க வீக்கெண்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, அவங்களுக்காக எழுதுறேன். நூர்ட்ஹூக் பீச்ல மாசத்துக்கு ரெண்டு தடவை நடந்து, காத்து, அலை, பறவை, சீல், நாய், மனுஷங்கன்னு எல்லாத்தையும் எண்ணி எழுதிட்டு வர்ற ஒரு வாலண்டியர் குழுவுல நான் சேந்து ஒரு வருஷம் ஆச்சு. மொதல்லயே சொல்லிடறேன், சேருங்க. குறையும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்றேன்.

காசு கிடையாது. ஒரு சனிக்கிழமை காலையில ட்ரெய்னிங், அப்புறம் பழைய ஆளுங்களோட ரெண்டு நடை, அதுக்கப்புறம்தான் ஃபார்ம் நம்ம கைக்கு வரும். பைனாகுலர் அவங்களே குடுக்குறாங்க. தண்ணி வத்துற நேரம் பாத்துக் கிளம்பணும், ரெண்டரை மணி நேரம் ஆகும், நிழல்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

ட்ரெய்னிங்ல எனக்கு நல்லா மனசுல பதிஞ்சது ஒரு விஷயம்தான், ஒண்ணும் கண்ணுல படலன்னாலும் ஃபார்ம்ல அந்தக் கட்டத்துல சைபர் போடணும். காலியா விட்டா நாம பாக்கவே இல்லன்னு அர்த்தம், சைபர் போட்டா பாத்தோம், ஆனா இல்லன்னு அர்த்தம். போன்ல போட்டோ எடுத்துப் போடுற ஆப்ல எது இருக்குன்னு மட்டும்தான் தெரியும், எது இல்லாம போச்சுன்னு தெரியாது. நான் சென்னையில காலேஜ் படிக்கிறப்போ பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி ஆமை நடைக்குப் போயிருக்கேன், 1988லேந்து மாணவர்கள் நடத்துறாங்களே அதுதான், விடிய விடிய நடந்து ஆமையே வராத ராத்திரியெல்லாம் வீணாப் போச்சுன்னு அப்போ நினைச்சிருக்கேன். இப்போ அப்படித் தோணல.

நடையில என்னோட ஜோடியா வர்றது டர்பன்லேந்து வந்து இங்க செட்டில் ஆன ஒரு அங்கிள். அவரோட தாத்தா டர்பன் கடற்கரையில வலை இழுத்தவராம். பாதி இங்கிலீஷ், பாதி பாட்டிகிட்ட கத்துக்கிட்ட தமிழ். ஃபார்ம்ல காத்து, தண்ணி கட்டமெல்லாம் அவர்தான் நிரப்புவார். "தம்பி, கைய விட்டுப் பாரு, நேத்து மாதிரி இல்ல" அப்படிம்பார், உண்மையிலயே கை மரத்துப் போகும். இந்தப் பக்கம் கோடையில தென்கிழக்குக் காத்து தொடர்ந்து அடிச்சா மேல இருக்குற தண்ணி கரையை விட்டு வெளிய தள்ளப்பட்டு அடியில இருக்குற ஜில்லு தண்ணி மேல வந்துடும், அதான் காரணம். காத்தையும் தண்ணியையும் எழுதாம பறவையை மட்டும் எழுதினா அன்னைக்கு ஏன் கம்மியா இருந்துச்சுன்னு பின்னாடி யாருக்கும் புரியாது.

ஆனா இந்த நடையோட உயிர் எதுன்னு எனக்குப் புரிஞ்சது போன டிசம்பர் கடைசி வாரம்தான். 1900ல கரை தட்டின காக்கபோ கப்பலோட துருப்பிடிச்ச மிச்சம் மணல்ல இருக்கு பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் காய்ஞ்ச கெல்ப், அதான் பெரிய கடல்பாசி, அது ஓரமா ஆய்ஸ்டர்கேட்சர்ங்கற கடற்கரைப் பறவை ஒண்ணு உக்காந்திருந்துச்சு. உடம்பு கரிக்கட்டை கருப்பு, அலகு நல்ல சிவப்பு. தூரத்துல அவிழ்த்துவிட்ட ஒரு நாய் ஓடி வந்ததும் அது எந்திரிச்சு, சத்தமே போடாம தலையைக் குனிஞ்சு நடந்து தள்ளிப் போயிடுச்சு. பைனாகுலர்ல பாத்தா சின்னக் குழியில ரெண்டு முட்டை, மங்கின பழுப்புல கருந்திட்டு, பக்கத்துல கிடந்த கல்லுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. அங்கிள் வாட்ச்சைப் பாத்துட்டே நின்னார், நாய்க்காரங்க பந்து போட்டு விளையாடிட்டு நகர்ந்து போய் பறவை திரும்பி வந்து உக்கார பதினாலு நிமிஷம் ஆச்சு. அவ்வளவு நேரமும் முட்டை வெயில்ல கிடந்துச்சு, மேல கடற்காகம் சுத்திட்டு இருந்துச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அந்த நாய்க்காரங்க கெட்டவங்க இல்ல, நாங்க போய்ச் சொன்னதும் உடனே பெல்ட் மாட்டினாங்க, அங்க கூடு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பறவை முட்டை வைக்கிறதும் நம்ம ஸ்கூல் லீவு கூட்டம் வர்றதும் ஒரே மாசத்துல. தென்னாப்பிரிக்காவுல பீச்ல ஜீப் ஓட்டுறதுக்கு 2002லேந்து தடை, அதுக்கப்புறம் இது எண்ணிக்கையில நல்லா தேறி வந்துச்சு, வெளியிலேந்து வந்து பாறையெல்லாம் பரவின மத்திய தரைக்கடல் மட்டி இதுக்கு நல்ல தீனி ஆனதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆனா லீவு கூட்டமும் நாயும் இன்னும் வருது, அதனாலதான் விசிட்டர் கணக்கு முக்கியம்ங்கறேன், எத்தனை பேரு, எத்தனை குதிரை, எத்தனை நாய், எந்த இடத்துலன்னு எழுதினாதான் பீச்ல எந்தத் துண்டுல ஆள் போகாம கயிறு கட்டணும்னு சொல்ல முடியும். புதுசா சேர்றவங்க நிறைய பேருக்கு இதுதான் போர் அடிக்குது, பறவையைப் பாக்கணும்னுதான் வர்றாங்க.

சீல் பத்தி ஒரு வார்த்தை. 2024ல கேப் ஃபர் சீல்களுக்கு ரேபிஸ் இருக்குன்னு உறுதியாச்சு, அதனால கரையில சும்மா படுத்திருக்குற மாதிரி தெரிஞ்சாலும் கிட்ட போகாதீங்க, குழந்தைங்களையும் நாயையும் விடாதீங்க. குளிர்காலம் ஆரம்பிக்கிறப்போ புயலுக்கு அப்புறம் உள்ளங்கை அளவு ஆமைக்குஞ்சு ஒதுங்கும், கிழக்குக் கரையில இருக்குற குவாசுலு நட்டால் மாகாணத்தோட வடக்குல பொரிஞ்சு அகுல்ஹாஸ் நீரோட்டத்துல இவ்வளவு தூரம் வந்தது, பாவம்னு திரும்பக் கடல்ல விட்டுடாதீங்க. ஈரமில்லாத டப்பாவுல காத்தோட்டமா வச்சு டூ ஓஷன்ஸ் அக்வேரியத்துக்குப் போன் பண்ணணும்.

இப்போ குறை. எட்டு மாசம் நாங்க எழுதிக் குடுத்த தாளெல்லாம் எங்க போச்சுன்னே யாரும் சொல்லல, கேட்டுக் கேட்டு அப்புறம்தான் ஒரு கிராஃப் அனுப்பினாங்க. வெயில்ல நடந்து எழுதுறவங்களுக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும், என்னோட சேந்தவங்கள்ல மூணு பேர் அதனாலயே விட்டுட்டாங்க. ஃபார்ம்ல நாய்னு ஒரே கட்டம்தான் இருந்துச்சு, பெல்ட் போட்டதா போடாததான்னு பிரிக்கல, அந்த டிசம்பருக்கு அப்புறம் நாங்க சண்டை போட்டு மாத்த வச்சோம். நடை ரத்துன்னா முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வரும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போக இது சரிப்படாது, தனியா நடக்கவும் கூடாது. காத்து தாங்குற ஜாக்கெட், தொப்பி, பென்சில் எடுத்துட்டுப் போங்க, பேனா அந்த ஈரக் காத்துல எழுதாது. பீச்சோட தெக்கு முனையில இருக்குற காமிக்கி (Kommetjie) பக்கத்துத் துண்டுக்கு இப்போ ஒரு ஜோடி தேவைப்படுது, உப்புக்கொத்திங்கற சின்னக் கரைப்பறவை கூடு வைக்கிற இடம் அது, வர்றவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, மொத நடைக்கு நானும் அங்கிளும் கூட வர்றோம்.