சாந்தினி சவுக் நடைவீதி: கல் சரி, வாசல்தான் ஓட்டை

செங்கோட்டைக்கு எதிரே லால் ஜெயின் மந்திரில் தொடங்கி ஃபதேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டி கூடாது. நடக்கலாம், சைக்கிள் ரிக்ஷாவில் போகலாம். 2018 டிசம்பரில் தொடங்கிய வேலை, நடுவில் கொரோனாவால் இழுத்து, 2021 செப்டம்பர் 12 அன்று திறப்பு விழா கண்டது. தில்லியில் ஒரு பெரிய கடைத்தெருவைக் காரிடமிருந்து பிடுங்கிக் காலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டாம், போய்ப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். பறிபோன இரண்டும் பெரும்பாலும் தெருமுனைகளில்தான் போகின்றன.

முதலில் நல்லது. நடுவே நீளமான மேடை. டிரான்ஸ்ஃபார்மர், கழிப்பறை போன்றவற்றை அதில் ஏற்றிவிட்டார்கள். அதன் இருபுறமும் ரிக்ஷா ஓடும் பாதை, அதற்கப்பால் கடையோரம் சிவப்பு கிரானைட் பாவிய நடைபாதை. வடிவமைப்பு தில்லி ஹாட் கைவினைச் சந்தையை உருவாக்கிய கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவாவுடையது. பள்ளம் பார்த்து, கம்பம் பார்த்து, சாக்கடை மூடி தாண்டி நடக்க வேண்டிய நகரத்தில், தலை நிமிர்ந்து கட்டடங்களின் மேல்மாடியைப் பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது என்பதே பெரிய சௌகரியம். டவுன் ஹால், சீஸ்கஞ்ச் குருத்வாரா எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். 1650 வாக்கில் ஷாஜகானின் மகள் ஜஹானாரா இந்தச் சந்தையை அமைத்தபோது நடுவில் வாய்க்கால் ஓடியது. 1908 முதல் 1963 வரை தில்லியில் ஓடிய டிராமும் இந்த வழியாகத்தான் போனது. ஆக, இந்தத் தெருவின் நடுப்பகுதி காருக்கென்று பிறந்ததல்ல.

இனி ஓட்டை. காரைத் தடுக்கக் குட்டைத் தூண்களை நட்டால் போதும். காருக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். ஆனால் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போக, தூண்களுக்கு நடுவே குறைந்தது 90 சென்டிமீட்டர் விட வேண்டும். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அகலம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்தான். நாற்காலிக்குத் திறந்த வழி ஸ்கூட்டருக்கும் திறந்த வழி. இது போதாதென்று சைக்கிள் ரிக்ஷாவை அனுமதித்திருக்கிறார்கள். அதற்கு ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். மோட்டாரில் ஓடும் இ-ரிக்ஷாவின் அகலம் விதிப்படியே ஒரு மீட்டருக்குள்! எனவே சைக்கிள் ரிக்ஷா நுழையும் எந்த இடைவெளியிலும் இ-ரிக்ஷா நோகாமல் நுழையும். தூணை எத்தனை முறை மாற்றி நட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆள் நின்று மறித்தால்தான் உண்டு. காவலர் இருக்கும் நேரத்தில் தெரு அமைதி. அவர் டீ குடிக்க நகர்ந்தால் பின்னாலிருந்து ஹார்ன்.

சரி, இரண்டு முனையிலும் ஆள் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். தரிபா கலான், நயீ சடக், பல்லிமாரான் என்று வழிநெடுக சந்துகள் வந்து சேர்கின்றன. அங்கே குடியிருப்பவர், கடைக்காரர், சரக்குக்காரர் எல்லோரிடமும் பைக் இருக்கிறது. முனையில் நுழையாத பைக் நடுவயிற்றில் வந்து விழும். சென்னை ரங்கநாதன் தெருவில் பழகிய கால்களுக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும்: அங்கே கூட்டமே வண்டியை நிறுத்திவிடும். இங்கே அகலம் இருக்கிறது, அதனால் வண்டிக்கு ஆசை வருகிறது.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் துணி மூட்டைகள் தலைச்சுமையிலும் தள்ளுவண்டியிலும் போகின்றன. இரவு 9க்கு மேல் டெம்போவும் லாரியும் வருகின்றன. கல்லுக்கு அடியில் கலவை முழுதாகப் பரவாமல் பொந்து விட்ட இடத்தில் சக்கரம் ஏறினால் கல் ஆடும். ஆடிய இடுக்கில் மழைத் தண்ணீர் இறங்கும். அடுத்த பாரத்தில் மூலை உடையும். உடைந்த கல் நடப்பவர் காலால் உடைந்ததல்ல. மழை நாளில் பலகாரக் கடை வாசலில் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் வழுக்கும், தட்டையான தோல் செருப்பு வேண்டாம்.

நிழல் குறைவு. மே, ஜூனில் காலை 11க்கு மேல் அந்தக் கிரானைட் தோசைக்கல்தான். மாலை 6க்கு மேல் போவது உத்தமம், ஆனால் 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கழிப்பறைகளை நம்பிக் கிளம்பாமல் மெட்ரோ நிலையத்திலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது.

வழி: மயூர் விஹார், கரோல் பாக் பக்கம் இருந்து வருகிறவர்கள் நீல லைனில் ராஜீவ் சவுக், அங்கே மஞ்சள் லைன் மாறினால் மூன்றாவது நிறுத்தம். ஆர்.கே. புரத்திலிருந்து மெஜந்தா லைனில் ஹௌஸ் காஸ் வந்து மஞ்சள் லைன் மாறலாம். சாந்தினி சவுக் நிலையத்திலிருந்து பிரதான தெருவுக்கு வரும் சந்து நெரிசல். வயதானவர்களோடு போனால் வயலட் லைனில் லால் கிலா நிலையத்தில் இறங்குங்கள், தெருவின் தொடக்கத்துக்கே வந்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா சரி. ஏறுமுன் கூலியைப் பேசி, ஒரு சவாரிக்கா ஒரு ஆளுக்கா என்றும் கேட்டுக்கொள்ளவும். கல்யாண ஜரிகைக்குக் கினாரி பஜார், வெள்ளிக்கும் அத்தருக்கும் தரிபா, மசாலாவுக்கு மசூதியைத் தாண்டி காரி பாவோலி. ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.

"எங்கள் கரோல் பாகையும் இப்படி மூடினால்?" என்று கேட்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். அங்கே அஜ்மல் கான் ரோட்டில் 2019இல் அது தொடங்கியதுதான். வண்டி விட்டுப்போன இடத்தைத் தரைக்கடை பிடித்துக்கொண்டது. தரைக்கடைக்காரர்மேல் தப்பில்லை, 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து, சான்று கொடுத்து, கோடு போட்டு இடம் காட்ட வேண்டியவர்கள் முதலில் அதைச் செய்திருக்க வேண்டும். இன்னொரு தெருவை மூடுவதானால் வரிசை இப்படி இருந்தால் தேவலை: முதலில் சரக்கு இறக்கப் பின்சந்து எது, நேரம் எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு தரைக்கடைக்குக் கோடு. பக்கச் சந்துகளின் வாய்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்டுக்கு ஓர் ஆள் என்று சம்பளக் கணக்குப் போடுங்கள். தூண்களில் சில கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும், சாவி யாரிடம் என்பது தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் சாந்தினி சவுக்கை ஒட்டிய பாகீரத் பேலஸ் மின்சாமான் சந்தையில் பிடித்த தீ நாட்கணக்கில் எரிந்தது. கிரானைட்டுக்கு டெண்டர் விடுவதை இத்தனைக்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம். சிமென்ட் தரையிலும் கால் நடக்கும்.