போட்டி ஜாமர்: மார்பு நீச்சல்காரரின் பார்வையில்

எல்லா வகை நீச்சலுக்கும் ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் இந்த ஜாமரை, அதாவது இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறுக்கமாகப் பிடிக்கும் நீச்சல் உடையை, நான் மார்பு நீச்சலுக்காகவே வாங்கினேன்; 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் அணிந்து நீந்திய பின், அந்த வாசகம் பாதிதான் உண்மை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதி, நீருக்கடியில் தெரிகிறது. குதித்ததும், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்ததும், கைகளைத் தொடை வரை இழுத்து, இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் ஒரு டால்ஃபின் உதையும் ஒரு மார்பு நீச்சல் உதையும் போட்டு மேலே வருகிற அந்த நொடிகளில், துணி வயிற்றையும் தொடையையும் இறுக்கிப் பிடிப்பதால் உடல் தொய்யாமல் நேராக வழுக்கிச் செல்கிறது. 2004 ஏதென்ஸில் கொசுகே கிதாஜிமா 100 மீட்டர் தங்கம் வென்றபோது சர்ச்சைக்குள்ளான அந்த டால்ஃபின் உதையை 2005இல் விதியே அனுமதித்துவிட்டது என்பதால், இந்தப் பயன் அற்பமானதன்று.

சிக்கல் உதையில் வருகிறது. குதிகாலைப் பிட்டம் வரை இழுத்து, பாதத்தை வெளிப்புறம் திருப்பி, பின்னோக்கி வீச வேண்டிய நமக்கு இடுப்பும் முழங்காலும் தாராளமாக மடங்க வேண்டும். இங்கோ தடித்த தையலொன்று சரியாக இடுப்பு மடிப்பின் மேலேயே ஓடுகிறது. முதல் 50 மீட்டரில் அது உறைப்பதில்லை. 200இன் கடைசிச் சுற்றில் தொடை களைத்ததும் குதிகால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டப் பாதத்தை மேலும் முறுக்கினால், இந்த நீச்சலில் எப்போதும் அடிவாங்குகிற உட்புற முழங்கால் தசைநார்தான் அதன் விலையைக் கொடுக்கிறது. பல ஆண்டுகள் நீந்த நினைப்பவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடையின் மேல் பெரும் நம்பிக்கை வைப்பவர்கள் 2009 ரோம் உலகப் போட்டியை நினைத்துப் பார்க்கலாம். பாலியூரித்தேன் என்ற நெகிழிப் பொருளால் ஆன உடைகளின் உச்சத்தில் அங்கே 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 முதல் நெசவுத் துணி மட்டுமே என்றானது. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பால் பீடர்மான் அங்கு நீந்திய 1:42.00 பத்தாண்டுகளுக்கு மேல் அசையவில்லை. ஆனால் 100 மீட்டர் மார்பு நீச்சலில் அதே ரோமில் பிரென்டன் ரிக்கார்ட் நீந்திய 58.58 விநாடியை, 2012 லண்டனில் கேமரன் வான் டெர் பர்க் நெசவுத் துணியிலேயே 58.46 ஆக்கினார், ஆடம் பீட்டி 2019இல் அதை 56.88 வரை இறக்கினார். நம் நீச்சலில் உதைக்கும் நேரமும் நீரில் உடல் இருக்கும் நிலையும் தருவதை உடை தருவதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அணிவது தனி வேலை. காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, நகம் படாமல் விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தையல் விட்டுவிடும். போட்டியில் அணியலாம் என்பதைக் காட்டும் ஒப்புதல் முத்திரை பின்புறம் தெளிவாக இருப்பதால் நடுவர்களிடம் தொல்லையில்லை.

50, 100 மீட்டருக்குத் தயங்காமல் வாங்கலாம். 200 நீந்துவோர் அளவு அட்டவணையை நம்பாமல் ஒரு அளவு பெரிதாக எடுத்து, கடையிலேயே குந்தி உட்கார்ந்து, இடுப்பு மடிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பயிற்சிக்கு அணிய வேண்டாம். குளோரினில் ஊற ஊற, நீர் ஒட்டாமல் உருண்டோடும் தன்மையை இந்தத் துணி சீக்கிரமே இழந்துவிடுகிறது.