பழைய கார் வாங்குவோர் கவனத்திற்கு: ஸ்கேனரில் பிழை காட்டவில்லை என்பதை நம்பிவிடாதீர்கள்

திருச்சியில் பழைய கார்களை விற்கும் ஒரு நிறுவனத்தில் 2016ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். விலை பேசும்போதே விற்பனையாளர் தம்முடைய ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியோடு ஸ்கேனரை இணைக்கும் இடம்) செருகி, "பாருங்க சார், ஒரு கோடு கூட இல்ல" என்று காட்டினார். கோடு (code) என்பது அந்தக் கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீடு. ஆயில், ஃபில்டர், பிளக் போன்றவற்றை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளதால் என்னிடமும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் உண்டு. அதைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வெளி ஸ்கேனர் பட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த அந்த வாரமே செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. என் ஸ்கேனர் காட்டிய கோடு பி0420, அதாவது புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது. சைலன்சர் குழாயில் சிறு கசிவு இருந்தாலும் இதே கோடு வரக்கூடும் என்பதால், கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களின் வோல்ட் அளவை, எஞ்சின் நன்கு சூடான பிறகு வரைபடமாகப் பார்த்தேன். கன்வெர்ட்டர் நலமாக இருந்தால் பின்சென்சாரின் அளவு பெரிதாக மாறாது; இதிலோ முன்சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தெரிந்த மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, கன்வெர்ட்டரின் உடலில் வெட்டி மறுபடி வெல்டிங் வைத்த தடம் இருந்தது. தட்டினால் வெற்றுத் தகரத்தின் ஓசை கேட்டது. பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் படிந்த உட்பகுதியை யாரோ எடுத்து விற்றிருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது, கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கை இசியு தனியே வைத்திருப்பது. ஓடோமீட்டரிலிருந்து அந்தத் தூரத்தைக் கழித்து, டெலிவரி நோட்டில் எழுதியிருந்த அளவோடு ஒப்பிட்டேன். வண்டி என் கைக்கு வருவதற்கு 6 கிலோமீட்டர் முன்பு அழித்திருக்கிறார்கள். வாங்கும் முன் நான் ஓட்டிப் பார்த்த தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான். கேட்டபோது, பேட்டரி மாற்றியதால் எல்லாம் அழிந்திருக்கும் என்றார்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அப்படி நேர்வது உண்மைதான். ஆனால் இந்த வண்டியின் பேட்டரியில் ஒட்டியிருந்த வாரண்டி அட்டை இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது.

கன்வெர்ட்டர் சோதனையைச் சிறிய ஓட்டத்தில் இசியு செய்து முடிக்காது. வண்டி சூடேறிச் சீரான வேகத்தில் ஓட வேண்டும். அப்படிச் செய்த சோதனையில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் குறை தெரிந்தால்தான் பொதுவாக விளக்கு எரியும். ஆகவே, கோடு இல்லை என்ற திரையைப் பார்த்ததோடு நிறுத்தாமல், எந்தெந்தச் சோதனைகளை இசியு முடித்திருக்கிறது என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றுக்கு எதிரே 'முடியவில்லை' என்று இருந்தால், அண்மையில் ஏதோ அழிக்கப்பட்டிருக்கலாம். முதல் ஓட்டத்தில் தெரிந்த குறைகள் நிலுவைக் கோடுகளாகத் தனிப் பட்டியலில் இருக்கும்; அதையும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன், செக் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிகிறதா என்பதையும் கவனியுங்கள். பல்பையே பிடுங்கிவிடுபவர்களும் உண்டு. உங்கள் ஸ்கேனரைச் செருக விடாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரணமாகக் கோடு வாசிப்பதால் இசியு கெடுவதில்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், விளக்கை அணைக்கும் அவசரத்தில் கோடை அழித்துவிட வேண்டாம். கோடு பதிவான நொடியின் எஞ்சின் நிலவரமும் அந்தத் தூரக் கணக்கும் அதோடு போய்விடும். நான் எல்லாத் திரைகளையும், ஓடோமீட்டர் தெரியும்படி வண்டியோடு சேர்த்துப் படம் எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். நிறுவனம் பாதிச் செலவை ஏற்பதாக இப்போது வாய்மொழியாகச் சொல்கிறது; எழுத்தில் கேட்டிருக்கிறேன்.