பாங்காக்: மே கடைசியா, அக்டோபர் கடைசியா?

டிசம்பர், ஜனவரியில் பாங்காக் போக யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும், அறை வாடகை உச்சத்தில் இருக்கும், அரண்மனை வாசலில் கூட்டம் நெரியும். செலவும் கூட்டமும் குறைவான நாட்களைத் தேடுபவர்களுக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, மழைக்காலம் தொடங்கும் மே 15 முதல் ஜூன் 15 வரை. மற்றொன்று, அது விலகும் அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை.

மாத மழையளவை மட்டும் பார்த்தால் மே மாதம் மேல் என்றுதான் தோன்றும். மே மாதத்தில் 200 மி.மீ.க்குச் சற்று மேல் பெய்கிறது. செப்டம்பரில் அது 300-ஐத் தாண்டுகிறது, அக்டோபரில் 300-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய அக்டோபர் நடுவில் விலகிவிடுவதால், அந்த மாதக் கணக்கில் பெரும்பங்கு முதல் பாதியுடையது. நவம்பர் முழுதுக்கும் 50 மி.மீ. அளவுதான். ஆக, மழையளவை வைத்து இந்த இரண்டையும் எடைபோட முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் எங்கே தங்குவது, எப்போது வெளியே கிளம்புவது என்பதெல்லாம் பிடிபடும்.

மே, ஜூனில் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வருகிறது. பகல் முழுக்க வெயில் 35 டிகிரியை ஒட்டி வாட்டி, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கருமேகம் திரண்டு, பலத்த காற்றோடு ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். சுகும்வித், அசோக், லாத் பிராவ், ரட்சடாபிசேக் பகுதிகளில் கணுக்கால் அளவுக்கு, சில சந்துகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். நகரம் கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால் தண்ணீர் தானாக ஓடிவிடாது. கால்வாய்களுக்கு இறக்கி, அங்கிருந்து பம்பு வைத்து சாவ் பிரயா ஆற்றில் தள்ள வேண்டும். இந்த மாதங்களில் ஆறு தாழ்ந்திருப்பதால் சில மணி நேரத்தில் சாலை வெளியே தெரிந்துவிடும்.

அக்டோபர் கடைசியில் கணக்கே வேறு. மழை ஓயும் அதே நேரத்தில் ஆறு ஏறுகிறது. வடக்கே பிங், ‘நான்’ என்ற இரண்டு ஆறுகள் நக்கோன் சவானில் சேர்ந்து சாவ் பிரயாவாகி, சைநாத் மாகாணத்து அணையைக் கடந்து சில நாட்களில் பாங்காக் வந்து சேரும். கீழிருந்து தாய்லாந்து வளைகுடாவின் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) அதை எதிர்த்து நிற்கும். மேலே நீலவானம், காலடியில் ஆற்றுநீர் என்ற நிலை அப்படித்தான் வருகிறது. 2011-இல் டான் முவாங் விமான நிலையம் மூடப்பட்டதும் அக்டோபர் 25-ஆம் தேதிதான். அந்த வெள்ளம் எல்லா ஆண்டும் வருவதல்ல. ஆனால் கிளம்பும் முன் சாவ் பிரயா அணையின் நீர் வெளியேற்றம் பற்றிய செய்தியைப் பார்த்துவிடுங்கள். விநாடிக்கு 2,000 கன மீட்டரைத் தாண்டியிருந்தால் பாங்காக்குக்கு வடக்கே உள்ள பழைய தலைநகர் அயுத்தயாவின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். பாங்காக் நகரத்துக்குள் பெரும்பாலும் கவலையில்லை. வெள்ளத் தடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கும் ஆற்றோர வீடுகளும் படகுத் துறைகளும்தான் ஓதம் ஏறும் வேளையில் நனையும்.

எங்கே தங்குவது

மே, ஜூனுக்கு ஆற்றோர விடுதி நல்ல தேர்வு. மாலை மழை முடிந்ததும் காற்று குளிர்ந்து ஆற்றங்கரை அருமையாக இருக்கும். தவிர்க்க வேண்டியது, சுகும்வித் பெருஞ்சாலையிலிருந்து 400, 500 மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் சந்து விடுதிகள். வாடகை குறைவு என்று எடுத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையப் படிக்கட்டில் தண்ணீர் வடியக் காத்து நிற்பவர்கள் ஏராளம். அக்டோபர் கடைசியில் இது அப்படியே தலைகீழ். சந்துகள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆற்றோர விடுதியில் துறைக்கு இறங்கும் வழி நனைந்திருக்கலாம்.

எந்தப் பருவத்திலும் பழுதில்லாதது சியாம், சிட் லோம், ப்ளோன் சிட் வட்டாரம். வான்ரயில் பாதைக்குக் கீழே மேம்பால நடைபாதை ஓடுவதால் நிலையத்திலிருந்து கடைத்தொகுதிகள் வரை கால் நனையாமல் போகலாம். சுரங்க ரயில் பற்றியும் பயம் வேண்டாம். அதன் வாசல்களைச் சாலையை விட உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்; சில படி ஏறித்தான் கீழே இறங்கவே முடியும்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கும்போது மழை கொட்டினால் டாக்சி வரிசையில் நிற்காதீர்கள். நகருக்குள் பயா தாய் நிலையம் வரை போகும் ரயிலுக்கு 45 பாட், அரை மணி நேரம் போதும். டாக்சியில் இதே தூரத்துக்கு மழைநாளில் இரண்டு மணி நேரமும் ஆகும். கிராப், போல்ட் செயலி டாக்சிகளின் கட்டணங்களும் மழையோடு சேர்ந்து ஏறும்.

பகலை எப்படி வெட்டுவது

மே கடைசியில் சூரியன் மாலை 6.40-க்கு மறைகிறது, அக்டோபர் கடைசியில் 5.55-க்கு. முக்கால் மணி நேர வெளிச்சம் மே பக்கம் கூடுதல், ஆனால் அந்த நேரத்தைத்தான் மழை பிடித்துக்கொள்கிறது. அதனால் மே, ஜூனில் அரண்மனையைக் காலை 8.30-க்குத் திறக்கும்போதே முடித்துவிட வேண்டும் (500 பாட்). பத்தரைக்கு மேல் அந்தச் சலவைக்கல் முற்றத்தில் வெயில் தாங்காது, மாலை 3.30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பிற்பகலை அருங்காட்சியகம், கடைத்தொகுதி, மசாஜ் என்று கூரைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் இந்தக் கெடுபிடி தேவையில்லை. வெயில் 33-க்குள் அடங்கும், மாலையில் ஆற்றங்கரைக் கோயிலான வாட் அருணை எதிர்க்கரையிலிருந்து பார்க்கலாம். நடந்தே ஊர் பார்க்கிறவர்களுக்கு அக்டோபர்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

சேன் செப் கால்வாய்ப் படகு இரண்டு பருவத்திலும் கைகொடுக்கும். பழைய நகரத்திலிருந்து பிரதுநாம் வரை, சாலை உறைந்து நிற்கும்போதும் ஓடும். படகின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு வேலை உண்டு. பக்கவாட்டில் தொங்கும் கயிற்றை எதிர்ப்படகு வரும்போது இழுத்துப் பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக் திரை மேலெழுந்து தண்ணீரைத் தடுக்கும். தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் படகின் கூரையே இறங்கும். பெருமழைக்குப் பின் கால்வாய் ஏறிவிட்டால் பாலத்தடியில் புக முடியாமல் சேவை நின்றுபோகும். மே, ஜூனில் அடித்துப் பெய்த மாலையில் இதை நம்பியிருக்காதீர்கள்.

சாப்பாடு

பழத்துக்காகப் போகிறவர்கள் மே கடைசியை விட வேண்டாம். சந்தபுரி, ரயோங் தோட்டங்களின் துரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் மூன்றும் சேர்ந்து சந்தைக்கு வரும் நாட்கள் அவை. நாம் டோக் மாய் மாம்பழத்தின் கடைசி ஈடும் கிடைக்கும். காம்பேங் பெட் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய ஓர் தோ கோர் சந்தையில் விலை கூடுதல், ஆனால் தரம் பார்த்து அடுக்கியிருப்பார்கள். துரியானை அங்கேயே உரித்துத் தின்றுவிட வேண்டும். ரயிலிலும் பெரும்பாலான விடுதிகளிலும் அதற்கு இடமில்லை.

சைவர்களுக்கு அக்டோபர் தான் பொன்னான நாட்கள், ஆனால் தேதி பார்த்துப் போக வேண்டும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நடக்கும் கின் ஜே விரதம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் ஆண்டுதோறும் நகரும். சீனர் பகுதியான யாவராத் தெருவெங்கும் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மீன் சாறு, முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. மற்ற நாட்களில் ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். அதே மாதத்தில் சீலோம் பகுதியில், 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் நவராத்திரி. விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையை மூடிவிடுவார்கள். அன்று அந்தப் பக்கம் விடுதி எடுத்திருந்தால் பெட்டியோடு ரயிலில் வந்து சேருங்கள்.

ஊருக்கு வெளியே

கடற்கரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூன். அப்போது அந்தமான் பக்கம் புக்கெட் கொந்தளிக்கும், ஆனால் வளைகுடாப் பக்கம் கோ சமூயி அமைதியாக இருக்கும். அக்டோபர் கடைசியில் சமூயிக்கு மழை தொடங்கிவிடுகிறது, புக்கெட்டில் இன்னும் முழுதாக விடவில்லை. காவ் யாய் காட்டின் அருவிகளுக்கு மட்டும் அக்டோபர்தான். மே மாதம் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

எப்போது போனாலும் ஜீன்ஸும் தோல் செருப்பும் வேண்டாம், அந்த ஈரப்பதத்தில் இரண்டு நாளானாலும் காயாது. குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த ரப்பர் செருப்பு போதும். கோயில் வாசலில் கழற்றி மாட்டவும் எளிது. மே மாதக் காற்றில் மடக்குக் குடை திரும்பிக்கொள்ளும், செவன் இலெவனில் மெல்லிய மழைக்கோட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் இறங்க நேர்ந்தால் மின்கம்பத்தையும் தெருவிளக்கையும் தொடாமல் சாலையின் நடுப்பக்கமாக நடக்கவும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும் வழி அது. ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் டெங்குவுக்கும் சேர்த்து இரத்தம் பார்க்கச் சொல்லி, பாங்காக் போய் வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.