பழைய காருக்கு 100/90 பல்ப் மாட்டித் தருகிறோம் என்றால் உஷார்: உருகிய ஹோல்டரும் வீணான 4,800 ரூபாயும்

2012 மாடல் வேகன்ஆர். மூன்றாவது ஓனர். ராத்திரியில் ரோடே தெரியவில்லை என்று ஓர் ஆக்சசரீஸ் கடையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். கம்பெனியோடு வந்த 60/55 வாட் எச்4 பல்பை (ஒரே பல்பில் ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட்) கழற்றிவிட்டு 100/90 வாட் பல்ப் இரண்டு மாட்டினார்கள். ஒயரிங் தாங்குமா என்று கேட்டதற்கு, "ஃபியூஸ் இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்று பதில். நாலாவது மாதம் இடது பக்கம் விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. அதே கடை, "பல்ப் போயிடுச்சு, எல்.இ.டி. போட்டுக்குங்க" என்று 4,800 ரூபாய் வாங்கியது. பில் தரவில்லை. எல்.இ.டி.யும் அதே இடது பக்கம் மினுக்கியது. பிரச்சினை பல்பிலேயே இல்லை. பல்பின் பின்னால் செருகும் கப்ளரில் இருந்தது.

அந்தக் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் விளங்கும். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் டீத்தூள் நிறத்துக்குக் கருகி, ஒரு டெர்மினல் சாய்ந்து உள்ளே இறங்கியிருந்தது. அந்தப் பித்தளைத் தகட்டில் நீலமும் ஊதாவும் ஓடியிருந்தன. அதில் சேரும் ஒயரை லேசாக வளைத்தாலே இன்சுலேஷன் அப்பளம் போல் நொறுங்கியது. சூடேறிச் சூடேறிப் பிடிமானம் போன டெர்மினல் இது. இதில் எந்த பல்பைச் செருகினாலும் மினுக்கத்தான் செய்யும்.

"ஃபியூஸ் இருக்கு" என்ற பேச்சில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 60 வாட் ஹை பீம் 12 வோல்ட்டில் 5 ஆம்ப் இழுக்கும். 100 வாட் என்றால் 8.3 ஆம்ப். ஒவ்வொரு பக்கமும் 15 ஆம்ப் ஃபியூஸ் இருக்கும் வண்டியில் 8.3 ஆம்ப்புக்கு ஃபியூஸ் அசையாது. ஆனால் ஒயரிலும் டெர்மினலிலும் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக் கணக்கில் ஏறும். கரண்ட் 1.67 மடங்கு ஆனால் சூடு 2.8 மடங்கு. ஃபியூஸ் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காவல். லூசான டெர்மினல் உருகுவதை அது தடுக்காது. பத்து வருடம் ஓடிய வண்டியின் கப்ளரில் பச்சை பூத்த டெர்மினல்களில் இந்தச் சூட்டை ஏற்றுவது ஆபத்தான வேலை. ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இல்லாத வண்டியாக இருந்தால் டிம்-பிரைட் ஸ்விட்சின் உள் காண்டாக்டும் சேர்ந்து கருகும். அது பல்பைவிடப் பல மடங்கு செலவு.

பல்பைத் தொடுவதற்கு முன் அந்தக் கடை செய்திருக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: மல்டிமீட்டரை எடுத்து வோல்ட் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. இன்ஜின் ஓடட்டும், லோ பீம் எரியட்டும். பேட்டரியில் எவ்வளவு, கப்ளரின் பின்பக்கமாக ஊசி நுழைத்துப் பார்த்தால் பல்பில் எவ்வளவு? இந்த வண்டியில் பேட்டரியில் 13.9, பல்பில் 11.6. இடையில் 2.3 வோல்ட் ஒயரிலும் ஸ்விட்சிலும் எர்த்திலும் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) தொலைந்துபோகிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4 மடி வேகத்தில் விழும். 13.2 வோல்ட்டில் லோ பீமுக்குச் சுமார் 1,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) தர வேண்டிய எச்4 பல்ப், 11.6 வோல்ட்டில் 650 லூமனுக்கு அருகில்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் ஒயரிங்கிலேயே போய்விட்டது. இதற்கு வாட்டைக் கூட்டினால் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் ஒயரில் விழும் வோல்ட்டும் கூடும். ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

முதலில் எர்த். பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஹெட்லைட்டுக்கு அருகில் பாடியில் இறங்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவை எமரி பேப்பரில் தேய்த்து, பளபளவென்ற இரும்பில் திரும்ப இறுக்குங்கள். சில வண்டிகளில் இதற்கே வெளிச்சம் திரும்பிவிடும். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

அடுத்து ரிலே ஒயரிங். பேட்டரி பிளஸிலிருந்து தனி 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், லோவுக்கு ஒன்று ஹைக்கு ஒன்று என்று 30 ஆம்ப் ரிலே இரண்டு, பல்புக்குச் செராமிக் ஹோல்டர். ரிலேயில் 30ஆம் நம்பர் பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 85-86 ரிலேயை இயக்கும் காயிலுக்கு. பழைய கப்ளர் இனி காயிலை மட்டும் இயக்கும். அதில் போவது கால் ஆம்ப்கூட இருக்காது. இதே வேகன்ஆரில் இதைச் செய்து சாதாரண 60/55 பல்பையே போட்டதும் பல்பில் 13.4 வோல்ட் வந்தது. முன்பிருந்ததைவிட அறுபது சதவீதத்துக்கு மேல் அதிக வெளிச்சம். கெட்டுப்போன கப்ளரை மாற்றியதையும் சேர்த்து, எல்.இ.டி.க்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

ரெடிமேட் ரிலே செட் வாங்கும்போது ஒயர் நுனியைச் சீவி, இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியத்தில் பூசிய செம்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: ஜப்பானிய வழி வந்த சில வண்டிகளில் ஸ்விட்ச் மைனஸ் பக்கம் இருக்கும். லைட் எரியும்போது கப்ளரில் லோவுக்கும் ஹைக்கும் பொதுவான பின்னுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்து 12 வோல்ட் காட்டினால் அந்த வகை. அதற்குச் சாதாரண செட்டை அப்படியே செருகினால் லோவும் ஹையும் குழம்பும், மீட்டரில் நீல இண்டிகேட்டர் தப்பாக எரியும். இதைச் சோதிக்காமல் ஒயரை வெட்டி டேப் சுற்றும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எல்.இ.டி. விஷயத்தில் நடப்பது வேறு வகை ஏமாற்று. பெட்டியில் 20,000 லூமன், 200 வாட் என்று அச்சிட்டிருக்கும். கரண்டை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டர் போட்டால் பல்புக்கு 2 ஆம்ப். அதாவது 27 வாட். அந்த 27 வாட்டில் 20,000 லூமன் வரவே வராது. கடையில் சுவருக்கு முன் வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் போட்டுக் காட்டுவார்கள், கண் கூசும். இருபது நிமிடம் எரியவிட்டு அதே சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் சூடானதும் மலிவான பல்புகள் தாங்களாகவே மங்கும்.

பெரிய பிரச்சினை ஃபோகஸ். எச்4 ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய ஃபிலமென்ட் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. லோ ஃபிலமென்டுக்குக் கீழே இருக்கும் சின்ன உலோகக் கிண்ணம்தான் மேலே போகும் ஒளியை வெட்டுகிறது. எல்.இ.டி. சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே ஒளி சிதறும். காருக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்றிருக்கும். அந்த வெளிச்சத்துக்குக் கண் பழகித் தூரம் இருளும், எதிரே வருபவருக்குக் குருடாகும். ஜெர்மனியில் 2020இல்தான் முதல் எல்.இ.டி. மாற்று பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லா வண்டிக்கும் அல்ல, பட்டியலிட்ட மாடல்களுக்கு மட்டும். அத்தனை கவனம் தேவைப்படும் பொருளை, பின்னாலுள்ள ஃபேன் இடிக்கிறது என்று ஹெட்லைட்டுக்குப் பின்னால் நீர் புகாமல் மூடும் ரப்பர் பூட்டை வட்டமாக வெட்டிச் செருகுகிறார்கள். வேகன்ஆரிலும் அப்படித்தான். முதல் மழையிலேயே கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. அந்தப் பூட் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டினால்தான் நீர் நிற்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆவது விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருந்து 8 மீட்டர் தூரத்தில் இருப்பவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது வண்டிக்காரர், கடைக்காரர் அல்ல.

வோல்ட் சரியாக இருந்தும் மங்கலா? ஹெட்லைட்டின் முன்கண்ணாடியைப் பாருங்கள். மஞ்சளேறிய பாலிகார்பனேட்டை 800, 1,500, 2,000, 3,000 என்ற நம்பர் எமரி பேப்பர்களால் வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே யு.வி. கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும். பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவது சில மாதங்களில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகியிருந்தால் எதுவும் உதவாது. 100 வாட் பல்ப் எரிந்த ஹெட்லைட் அசெம்ப்ளிகளில் பல்புக்கு நேர் மேலே சாம்பல் வட்டம் இருக்கும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய அசெம்ப்ளி வாங்குகிறவர்கள் பல்ப் ஓட்டையில் டார்ச் அடித்து அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புது பல்ப் மாட்டும்போது கண்ணாடிக் குமிழை விரலால் தொடவிடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி ஆயுள் குறையும். மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து கம்பி கிளிப் விழ வேண்டும். பிறகு சம தரையில், டயர் காற்று சரியாக வைத்து, டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்து, சுவரிலிருந்து 5 மீட்டரில் லோ பீம் போடுங்கள். வெட்டுக்கோடு (சுவரில் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் மேல் எல்லை) பல்ப் மையத்தின் உயரத்தைவிட 5 செ.மீ. கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் மேலேறிப் போகும்.

பில்லில் பல்பின் வாட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். 100/90 என்று எழுதத் தயங்கும் கடைக்கு அது தப்பு என்று தெரியும். அந்த பில் இருந்தால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரே நிற்கும். வேகன்ஆர்காரரிடம் அது இல்லாததால் 4,800 ரூபாய் திரும்பவில்லை. கழற்றிய பழைய பல்புகளையும் ரப்பர் பூட்களையும் கையோடு கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.